சுருட்டுப்பெட்டி கிடைக்காத ஊரில் சுருட்டுப்பெட்டிக் கிட்டார்

3 மார்ச் 2024 – கரூரிலிருந்து ஒரு வாசகர்

அண்ணா, சுருட்டுப்பெட்டியில் கிட்டார் செய்து வாசிக்கும் காணொளிகளைப் பார்த்து எனக்கும் ஒன்று செய்யவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆனால் கரூரில் சுருட்டுப்பெட்டிக்கு எங்கே போவது? இணையத்தில் ஒரு காலிப் பெட்டிக்குக் கேட்கும் விலைக்குப் பழைய கிட்டார் ஒன்றையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. ஸ்பானிஷ் சிடார் மரத்தில் செய்த அசல் பெட்டியாக இல்லாவிட்டால் அந்த ஒலி வராது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் நம் பக்கத்தில் இதைச் செய்யவே வழியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

3 மார்ச், இரவு

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். இந்தக் கருவியில் மிக எளிதாக மாற்றிக்கொள்ளக்கூடிய உறுப்பு பெட்டிதான். வாசிக்கமுடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பவை கிட்டாரின் கழுத்தான தண்டி நேராக இருப்பது, தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து நிற்கும் மேருவின் உயரம், பெட்டியின்மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையின் இடம் ஆகிய மூன்றுமே. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பிஸ்கட் டின்னில்கூட இசை வரும். இவற்றில் ஒன்று தவறினாலும், கியூபாவிலிருந்து பெட்டியை வரவழைத்தாலும் சுவரில் மாட்டி வைக்கத்தான் உதவும்.

4 மார்ச்

நேற்று எழுதியதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சுருட்டுகள் பெரும்பாலும் பெரிய பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் மொத்தமாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகுதான் கையடக்கமான சிறு மரப்பெட்டிகள் பரவின. தீர்ந்துபோன பெட்டிகள் வீட்டுக்கு வீடு சும்மா கிடந்தன. கிட்டாரோ பாஞ்சோவோ வாங்க வசதியில்லாதவர்கள் அந்தப் பெட்டியில் ஒரு கம்பைச் செருகித் தந்தி கட்டினார்கள். இதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய படச் சான்று என்று பொதுவாகக் காட்டப்படுவது எட்வின் ஃபோர்ப்ஸ் வரைந்து 1876-இல் பதிப்புரிமை பெற்ற செதுக்கோவியம். அதில் உள்நாட்டுப் போர்க்கால முகாமில் இருக்கும் இரண்டு வீரர்களில் ஒருவர் சுருட்டுப்பெட்டியில் செய்த பிடிலை வாசித்துக்கொண்டிருக்கிறார். 1884-இல் டேனியல் கார்ட்டர் பியர்ட் என்பவர் சுருட்டுப்பெட்டியில் பாஞ்சோ செய்யும் முறையைச் சிறுவர்களுக்காக வரைபடத்துடன் வெளியிட்டார். பிற்காலத்தில் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவர்களில் யாரும் ஒலிக்காக அந்தப் பெட்டியைத் தேடிப் போகவில்லை. கைக்கெட்டிய இடத்தில் காசில்லாமல் கிடைத்தது என்பதால்தான் எடுத்தார்கள். கரூரில் இருப்பவர் அதே வழியில் போக நினைத்தால், கரூரில் எது காசில்லாமல் கிடக்கிறது என்று பார்க்கவேண்டுமே தவிர, அமெரிக்காவில் அன்று கிடந்ததை இன்று விலைகொடுத்து வரவழைக்கவேண்டியதில்லை. உங்கள் ஊரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே விழும் பிளைவுட் துண்டுகளை ஒருநாள் போய்ப் பாருங்கள்.

9 மார்ச்

மரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. சுருட்டுப்பெட்டிக்குப் பேர்போன ஸ்பானிஷ் சிடார், பெயரில் சிடார் என்று இருந்தாலும் ஊசியிலை மரம் அல்ல. அது நம் வேம்பின் குடும்பம். மகோகனியும் மலைவேம்பும் அதே குடும்பத்தவை. நம் மலைகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு மிக நெருங்கிய உறவு. வடக்கே சித்தார் செய்கிறவர்கள் சந்தன வேம்பைத்தான் தூன் என்ற பெயரில் பயன்படுத்துகிறார்கள். ஆகவே மரத்தின் குணம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள்கூட கோவை மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள மரக்கடைகளைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. கொங்கு நாட்டில் மலைவேம்பு இப்போது தோட்டப் பயிராகவே ஆகிவிட்டது. பிளைவுட் ஆலைகளுக்கு அது வண்டி வண்டியாகப் போகிறது.

பெட்டி என்று பார்த்தால் நான் இதுவரை பயன்படுத்தியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தவை, பம்புசெட் உதிரிபாகங்கள் வரும் பைன் மரப் பேக்கிங் பெட்டியைப் பிரித்துச் செய்தவை. கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைகளுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு கிடப்பவை அவை. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பலகை தடிமனாக இருக்கும் என்பதால் பக்கச் சுவர்களுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்கிறேன். மேல்மூடிக்கு 3 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். பத்து அங்குல நீளம், ஏழு அங்குல அகலம், இரண்டரை அங்குல ஆழம் என்பது மடியில் நன்றாக உட்காரும் அளவு.

மூடியின் தடிமனை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒலியை உண்டாக்குவது மூடியின் அதிர்வு. 3 மில்லிமீட்டர் மூடியையும் 6 மில்லிமீட்டர் மூடியையும் விரலால் தட்டிப் பார்த்தால் வேறுபாடு உடனே காதில் விழும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்.

10 மார்ச்

அஞ்சறைப்பெட்டியைப் பயன்படுத்தலாமா என்று தாராபுரத்து அன்பர் கேட்டிருக்கிறார். புதிதாகக் கடையில் வாங்கியதாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். உள்தடுப்புகளை எடுத்துவிட்டு மூடிக்குப் பதிலாக மெல்லிய பிளைவுட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். பாட்டி காலத்துத் தேக்குப் பெட்டி என்றால் தயவுசெய்து தொடாதீர்கள். அரை அங்குலத் தேக்கு மூடி எப்படியும் அதிராது. பெட்டியும் போய்விடும், ஒலியும் கிடைக்காது.

17 மார்ச்

இப்போது தண்டி. ஏறத்தாழ மூன்றடி நீளம், ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன் கொண்ட நேரான மரச்சட்டம் வேண்டும். என் முதல் தேர்வு வீடு இடித்த தேக்கு. பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் கதவு நிலைகளும் சன்னல் சட்டங்களும் பழைய மரச்சாமான் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பல பத்தாண்டுகள் வெயிலையும் மழையையும் கண்டு அடங்கிப்போன மரம் என்பதால் இனிமேல் அது முறுக்கிக்கொள்ளாது. வாங்கியவுடன் காந்தத்தை வைத்து முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்கவேண்டும். உள்ளே தலையுடைந்த ஆணி ஒன்று ஒளிந்திருந்தால் இழைப்பு எந்திரத்தின் கத்தி போய்விடும், அதன் பிறகு அந்த மில்லில் உங்களுக்கு மரம் இழைத்துத் தரமாட்டார்கள்.

பனங்கையைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். பனையின் வெளிப்புறத்து வைரம் மிக உறுதியானதுதான். அதன் கருநிறக் கோடுகளைப் பார்க்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் நார்கள் இழைப்புளிக்கு அடங்குவதில்லை, விளிம்பில் சிராய் கிளம்புகிறது, இடதுகை ஓயாமல் தடவி நகரும் இடத்தில் சிராய் இருப்பதை நான் விரும்பவில்லை. தண்டியின் முகப்பில் அலங்காரப் பட்டையாக ஒட்டி அரக்குப் பூசிக்கொள்வதானால் அழகாக இருக்கும்.

தண்டியைப் பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் திருகி நிறுத்துவது போதாது. அது பெட்டிக்குள் புகுந்து மறுபக்கம்வரை போகவேண்டும். 25 அங்குல அளவில் மூன்று கிட்டார் தந்திகளை முறுக்கி ஏற்றும்போது அவை சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 35 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையின் எடையில் பாதிக்கும் மேல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் மூடியும் ஒட்டுப்பசையும் அதை நெடுநாள் தாங்க மாட்டா. தண்டி ஊடே போனால் இழுவை முழுவதையும் தேக்கு வாங்கிக்கொள்ளும், மூடி அதிர்வதற்கு விடுதலை பெறும். அதற்காகவே மூடிக்குக் கீழே வரும் பகுதியில் தண்டியை 3 மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி இடைவெளி விடவேண்டும். தண்டி மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி பாதியாகக் குறையும்.

24 மார்ச்

தந்தி கட்டுவதைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். சாதாரணக் கிட்டார் தந்திக் கட்டு ஒன்று வாங்கி, அதில் 5, 4, 3 ஆகிய தந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் தந்தியை ஏ சுரத்திலிருந்து ஜி சுரத்துக்கு இறக்கவேண்டும். மற்ற இரண்டும் தமக்குரிய டி, ஜி ஆகியவற்றிலேயே இருக்கலாம். ஜி, டி, மேல் ஜி என்ற இந்தச் சேர்க்கையைத்தான் அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நம் சுருதிக் கணக்கில் இது ஐந்து கட்டையில் ச, ப (பஞ்சமம்), மேல் ச. வீணையின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளுக்கும் இதே சுருதிதான். சங்கீதம் கற்கும் பெண் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கருவியைச் சும்மா மீட்டிக்கொண்டிருந்தாலே அவர்கள் அதனுடன் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஆண் குரலுக்கு ஐந்து கட்டை எட்டாது என்றால் அதே தந்திக் கட்டில் 6, 5, 4 ஆகியவற்றை எடுத்து, ஆறாம் தந்தியை இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். டி, ஏ, டி என்று இரண்டு கட்டையில் ச-ப-ச கிடைத்துவிடும்.

தண்டியின் குறுக்கே சுர இடங்களில் பதிக்கும் கம்பிகளான மெட்டுகள் எதுவும் வைக்காமல் வழுக்கி வாசிப்பதென்றால் இத்துடன் வேலை முடிந்தது. விரலில் மாட்டி வழுக்குவதற்குக் கண்ணாடிப் புட்டியின் கழுத்தை அறுத்துக்கொள்வார்கள். நான் பம்புசெட்டிலிருந்து கழற்றிய குழாய் வடிவப் பழைய கன்மெட்டல் புஷ் ஒன்றை லேத்தில் கொடுத்து மெருகேற்றி வைத்திருக்கிறேன். கனமாக இருப்பதால் தந்தியின்மேல் தானே படிந்து நிற்கிறது, ஒலியும் நீண்டு நிற்கிறது. விரலுக்குப் பொருந்தும் உள்விட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7 ஏப்ரல்

மெட்டு வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் என் மனம் அதிகமாகத் தங்கும் இடம். அதனால் இந்தக் குறிப்பு நீளும்.

25 அங்குலம் என்பது 635 மில்லிமீட்டர். ச முதல் மேல் ச வரை பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கும் சம இடைவெளி முறையில், மேருவுக்கும் குதிரைக்கும் இடையிலுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும்; மீதி நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது வரும். இவ்வாறு கணக்கிட்டால் மேருவிலிருந்து முதல் மெட்டு 35.6, இரண்டாவது 69.3, மூன்றாவது 101.0, நான்காவது 131.0, ஐந்தாவது 159.3, ஏழாவது 211.2, பன்னிரண்டாவது 317.5 மில்லிமீட்டரில் அமையும். கணக்கைத்தான் ஒன்றிலிருந்து ஒன்றாகப் போடவேண்டும். மரத்தில் குறிக்கும்போது எல்லா மெட்டுகளையும் மேருவிலிருந்தே அளந்து குறியுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு குறியிலும் ஏற்படும் அரை மில்லிமீட்டர் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

இதற்கென்று விற்கும் மெட்டுக் கம்பி கிடைக்காதவர்கள், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடைகளில் இருக்கும் பித்தளைப் பற்றவைப்புக் கம்பியை வாங்குங்கள். 1.6 மில்லிமீட்டர் கம்பி இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்துகிறது. தண்டியில் அரத்தால் சிறு பள்ளம் எடுத்து, கம்பியை அதில் உட்காரவைத்து, இரு பாகப் பசையால் ஒட்டிவிடலாம்.

இனி என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். மேலே தந்த அளவுகள் பியானோவுக்கும் கீபோர்டுக்கும் ஒத்துப்போகும் அளவுகள். ச-ப-ச என்று சுருதி சேர்த்து மூன்று தந்திகளையும் திறந்து ஒலிக்கவிட்டுக்கொண்டு நான்காம் மெட்டில் அந்தர காந்தாரத்தை, அதாவது பெரிய க-வைத் தொட்டால், சுருதி கேட்டுப் பழகிய காதுக்கு அது சற்றே ஏறி நிற்பது தெரியும். இயற்கையான அந்தர காந்தாரம் தந்தியின் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்த இடத்தில் இருக்கிறது. 635-இல் ஐந்தில் ஒரு பங்கு 127. சம முறையில் நாம் மெட்டு வைத்த இடமோ 131. நான்கு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கே தெரியும் இடைவெளி. பஞ்சமத்தில் இந்தச் சிக்கல் இல்லை: மூன்றில் ஒரு பங்கு 211.7, சம முறையில் 211.2. மத்திமத்துக்கும் அப்படியே: கால் பங்கு 158.75, சம முறையில் 159.3. இந்த இரண்டிலும் வேறுபாடு அரை மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கிறது; காந்தாரத்தில்தான் இவ்வளவு விலகல்.

வீணை செய்கிறவர்கள் மெழுகின்மேல் மெட்டை வைத்துக் காதால் கேட்டு நகர்த்தி இந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் கையால் நாமே செய்யும் கருவியில் அந்தச் சுதந்திரம் நமக்கும் உண்டு. கடையில் விற்கும் எந்தக் கிட்டாரும் 127-இல் மெட்டு வைத்து வராது. நான் வைத்துப் பார்த்தேன். மூன்று தந்திகளும் சேர்ந்து ஒலிக்கையில் காந்தாரம் அப்படியே அவற்றுக்குள் கரைந்துபோகிறது. அதே மெட்டைப் பஞ்சமத் தந்தியில் அழுத்தினால் காகலி நிஷாதமும், அதாவது பெரிய நி-யும் தூய்மையாக வருகிறது. மரத்தைச் சீவி, பசையை ஒட்டி, வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்வதற்கெல்லாம் இந்த ஒரு மெட்டே போதிய கூலி என்று எனக்குத் தோன்றியது.

8 ஏப்ரல்

தேவாலயப் பாடற்குழுவில் வாசிக்கும் ஈரோட்டு நண்பர் ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, கீபோர்டுடன் சேர்ந்து வாசித்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். இடிக்கும். கீபோர்டின் காந்தாரம் மேலே நிற்கும், உங்களுடையது கீழே நிற்கும், இரண்டும் ஒன்றாக ஒலிக்கையில் அலையடிப்பது கேட்கும். குழுவுடன் வாசிப்பவர் 131-இலேயே மெட்டு வைத்துக்கொள்ளவேண்டும். தனியாகவோ, தம்புராவுடனோ, குரலுடனோ வாசிப்பவருக்குத்தான் 127.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு விரலைக் குறுக்கே வைத்து மூன்று தந்திகளையும் சேர்த்து அழுத்தி ப்ளூஸ் பாணியில் வாசிக்க விரும்புகிறவர், நான்காம் மெட்டையே சுருதியாக வைத்துக்கொள்ள நேரலாம். அப்போது அது மற்ற மெட்டுகளோடு ஒத்துப்போகாது. எதை வாசிக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட்டுப் பசையைக் கையில் எடுங்கள்.

28 ஏப்ரல்

வெயில் ஏற ஏற மெட்டுக் கம்பியின் முனைகள் தண்டியின் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறுவதாகப் பல்லடத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். கம்பி வளரவில்லை, மரம்தான் சுருங்கியிருக்கிறது. ஐப்பசி மழையில் வாங்கிய மரத்தில் உடனே வேலை செய்தால் பங்குனி, சித்திரையில் இதுதான் நடக்கும். முனைகளைச் சிறு அரத்தால் சாய்வாக ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். அடுத்த மழைக்காலத்தில் மரம் மறுபடி உப்பினாலும் தொந்தரவு இருக்காது. புது மரம் வாங்கினால் ஒரு கோடை முழுவதும் பரண்மேல் போட்டுவைத்துப் பிறகு எடுப்பதே என் வழக்கம். வீடு இடித்த தேக்கை நான் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

14 ஜூலை

ஒலிபெருக்கியில் இணைப்பதைப் பற்றி. அதிர்வை மின்சைகையாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒன்றை மின்னணுச் சாமான் கடையில் வாங்கி, குதிரைக்குக் கீழே மூடியின் உட்புறத்தில் ஒட்டவேண்டும். நடுவிலுள்ள வெண்ணிற வட்டத்திலிருந்து வரும் கம்பி ஒலிக்கு, வெளியே உள்ள பித்தளை வட்டத்திலிருந்து வருவது எர்த்துக்கு.

ஊர்த் திருவிழாவில் மைக்செட்டுடன் இணைத்துப் பார்த்துவிட்டு, தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கிறது என்று மனம் நொந்து எழுதிய கோபிசெட்டிபாளையத்து நண்பருக்கு: குறை உங்கள் கருவியில் இல்லை. பீசோ தகடு மிக உயர்ந்த மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உடையது. மைக் செருகும் துளையோ மிகக் குறைந்த மின்மறுப்புக்காகச் செய்யப்பட்டது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் கீழ்ச்சுரங்கள் எல்லாம் அங்கேயே அடங்கிப்போய்க் கீச்சொலி மட்டும் மிஞ்சும். பத்து லட்சம் ஓம் அளவிலாவது உள்நுழைவு மின்மறுப்பு வேண்டும். கிட்டாருக்கான ஆம்ப்ளிபயரில் அது இருக்கும். மைக்செட்டில்தான் வாசிக்கவேண்டும் என்றால் நடுவில் ஒற்றை எஃப்இடி டிரான்சிஸ்டர் வைத்த சிறு சுற்று ஒன்றைச் செருகவேண்டும். ஆம்ப்ளிபயர் பழுதுபார்க்கும் எவரும் அதை ஒரு மாலைப்பொழுதில் செய்துகொடுத்துவிடுவார்.

11 ஆகஸ்ட்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குதிரைச் சந்தையைப் பார்க்கப் போகிறார்கள். நான் எந்தத் தேர்த் திருவிழாவுக்குப் போனாலும் தேங்காய்த் தொட்டியில் ஒற்றைத் தந்தி கட்டி வில்லால் இழுத்து விற்கும் வியாபாரியைத்தான் தேடுகிறேன். அவர் கையில் சினிமாப் பாட்டு முழுவதும் வரும்; வாங்கி வீட்டுக்கு வந்தால் நமக்கு ஒரு சுரமும் வராது என்று எல்லாருக்கும் தெரியும். அவர் பல ஆண்டுகளாக அதே ஒற்றைத் தந்தியில் பழகியிருக்கிறார் என்பதுதான் காரணம்.

பிள்ளைகளுக்கு என்ன செய்துகொடுக்கலாம் என்று கேட்டவர்களுக்கு அதிலிருந்தே பதில் சொல்கிறேன். ஒற்றைத் தந்தியில் தொடங்குங்கள். மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்பின மக்கள் வீட்டுச் சுவரிலோ பலகையிலோ ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, கீழே புட்டியை முட்டுக்கொடுத்து வாசித்த டிட்லி போ என்னும் கருவி இதுவே. மூன்றடிப் பலகை, ஒரு கிட்டார் தந்தி, தந்தியை முறுக்கும் டியூனர் ஒன்று, ஒரு காலி டின் இருந்தால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும். பிள்ளையே சுத்தியலைப் பிடிக்கட்டும். தந்தியை முறுக்கும்போது மட்டும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறுந்தால் கண்ணைப் பதம்பார்த்துவிடும்.

22 செப்டம்பர்

கரூர் நண்பர் செய்துமுடித்துவிட்டார்! பேருந்துக் கூடு கட்டும் பட்டறையில் விழுந்த பிளைவுட்டில் பக்கச் சுவர்கள், மேலே 3 மில்லிமீட்டர் மூடி, பழைய சன்னல் சட்டத்தில் தண்டி. படத்தையும் ஒலிப்பதிவையும் அனுப்பியிருக்கிறார். மெட்டு வைத்த கருவி. ஒலியில் எந்தக் குறையும் எனக்குக் கேட்கவில்லை. மார்ச் மாதத்தில் ஸ்பானிஷ் சிடார் வேண்டும் என்று அவரிடம் சொன்னவர்கள் அந்தப் பதிவை ஒருமுறை கேட்கவேண்டும்.

தடித்த தந்தி மூன்றாம் மெட்டில் மட்டும் கரகரக்கிறது, குதிரையை உயர்த்தலாமா என்று கேட்கிறார். உயர்த்தாதீர்கள். குதிரையை உயர்த்தினால் எல்லா இடத்திலும் தந்தி ஏறும், அழுத்தும்போது சுரமும் கூடிப்போகும். ஒரே மெட்டில் மட்டும் கரகரத்தால், அதற்கு அடுத்த மெட்டு சற்று எழும்பி நிற்கிறது என்று பொருள். இரும்பு அடிக்கோலின் விளிம்பை மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று மெட்டுகளின்மேல் சேர்த்து வைத்துப் பாருங்கள். நான்காவதின்மேல் கோல் ஊஞ்சலாடினால் அந்தக் கம்பியின் தலையை மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள், ஒவ்வொரு முறையும் தந்தியை மீட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற பிறகு பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கு அடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் குதிரையின் உயரம் சரியாகவே இருக்கிறது. கடைசியாக, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி எழும் சுரத்தையும், அதே இடத்தில் தந்தியை விரலால் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடியிருந்தால் குதிரையை மேருவிலிருந்து இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். அதனால்தான் குதிரையை ஒட்டவேண்டாம், தந்தியின் அழுத்தத்திலேயே நிற்கட்டும் என்கிறேன். ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.